மவுஸை அவர் கையிலேயே விடுங்கள்

அன்று காலை எங்கள் அலுவலகத்தில் பேக்கிங் பிரிவு அண்ணனின் மேசையில் கம்ப்யூட்டர் திரை தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. திரைக்குள் இருக்கும் படத்தைச் சொல்லவில்லை, திரையையே சொல்கிறேன். தாங்குகால் கூரையைப் பார்க்க, பெட்டியைக் கவிழ்த்துச் சுவரோடு சாய்த்து, வழுக்கிவிடாமல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நூல் கோனை முட்டுக்கொடுத்திருந்தார். "காலையில் வந்து பார்த்தேன், படம் கவிழ்ந்து கிடந்ததுங்க அம்மிணி. நீங்கள் ஷிப்மென்ட் வேலையாக இருந்தீர்கள். எதற்குத் தொந்தரவு என்று பெட்டியையும் கவிழ்த்துவிட்டேன்" என்றார். அப்படியே 2 மணி நேரம் வேலையும் செய்திருந்தார். 38 அட்டைப்பெட்டிகளுக்குப் பேக்கிங் லிஸ்ட் முடிந்திருந்தது. சரிபார்த்தேன், ஓர் இடத்தில்கூடப் பிழை இல்லை.

நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். பிறகு விசைப்பலகையில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் ஒன்றாக அழுத்திக்கொண்டு மேல் அம்புக்குறியைத் தட்டச் சொன்னேன். படம் நிமிர்ந்தது, பெட்டி கவிழ்ந்தே இருந்தது. நூல் கோன்களை எடுத்துவிட்டு இருவருமாகப் பெட்டியைத் திருப்பி வைத்தோம். அவரைக் கம்ப்யூட்டர் தெரியாதவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கையில் இருந்ததைக் கொண்டு வேலையை நிறுத்தாமல் முடித்தவர் அவர்.

திருப்பூர் பெருமாநல்லூர் சாலையில் ஒரு பனியன் கம்பெனியின் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். என் வேலை இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கு லாரியில் போகத் தேவையான இ-வே பில். ஆனால் அலுவலகத்தில் எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியோ, பொள்ளாச்சித் தேங்காய்க் கிடங்கோ, கோவையின் பம்ப்செட் பட்டறையோ, எந்த அலுவலகமானாலும் இப்படி ஒருவர் இருப்பார். புதிதாக அந்த இடத்துக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கோளாறுகளில் பெரும்பாலானவை சின்னவை, ஒரு விசையைத் தட்டினால் போய்விடும். அதை மனம் நோகாமல் சொல்லிக்கொடுக்கத்தான் பழக வேண்டும்.

போனவுடன் முதல் வேலை நாற்காலி. ஒன்றை இழுத்துப் போட்டு அவருடைய இடது பக்கம் உட்காருங்கள். மவுஸ் வலது பக்கம் இருக்கும், அது உங்கள் கைக்கு எட்டக் கூடாது. கை பரபரக்கத்தான் செய்யும். அவர் மவுஸை நகர்த்தும் வேகத்தைப் பார்த்தால் பிடுங்கிக்கொள்ளத் தோன்றும். பிடுங்காதீர்கள். நீங்கள் 10 நொடியில் நாலு இடத்தில் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனால் அவர் கண்ணுக்கு ஒன்றுமே பிடிபட்டிருக்காது. அடுத்த வாரம் அதே கோளாறுக்கு மறுபடியும் கூப்பிடுவார். அதைவிட, கூப்பிடக் கூச்சப்பட்டு அரைநாள் சும்மா உட்கார்ந்திருப்பார். அதுதான் எனக்குப் பொறுக்காது. அவர் கையாலேயே ஒருமுறை செய்துவிட்டால் விரலுக்குப் பழகிவிடும். பின்னால் நின்றுகொண்டு தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். ஐம்பது வயதைக் கடந்தவருக்கும் அப்போது பள்ளிக்கூடத்து வாத்தியார் நினைப்பு வந்து கை நடுங்கும்.

இரண்டாவது, கேள்வி. "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் ஊர் முழுக்க ஒரே பதில்தான்: "நான் ஒன்றுமே தொடவில்லைங்க." குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்டால் அப்படித்தான் பதில் வரும். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தது? அப்போது என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள். கதை வரும். காங்கேயத்தில் நடந்த கல்யாணம் வரும், பஸ் தாமதமானது வரும். குறுக்கே பேசாமல் கேளுங்கள், விடை அந்தக் கதைக்குள்தான் இருக்கும்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஒரு நாள் மெர்ச்சண்டைசர் தம்பி ஓடி வந்தான். எங்கள் சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையரோடு வீடியோ பேச்சு, 10 நிமிடத்தில் தொடங்க வேண்டும், அவனுடைய லேப்டாப்பில் கேமரா வேலை செய்யவில்லை. கேமராவை இயக்குகிற டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடியும் போடலாமா என்று கேட்டான். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தது?" என்றேன். "பூஜைக்கு முதல் நாள் அக்கா." லேப்டாப்பை நிமிர்த்திப் பார்த்தேன். அதற்கும் பூஜை போட்டிருந்தார்கள். திரையின் மேல்விளிம்பில், சரியாக நடுவில், அழகாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பொட்டு வைப்பதற்கென்றே அமைந்த நெற்றி மாதிரி அந்த இடம் இருக்கிறது, வைத்தவரைச் சொல்லிக் குற்றமில்லை. காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்தோம். பேச்சு சரியான நேரத்துக்குத் தொடங்கியது. கண்ணாடியில் கொஞ்சம் மஞ்சள் தங்கிவிட்டதால் தம்பியின் முகம் அன்று சாயங்கால வெயிலில் நிற்பதுபோல இருந்தது, அவ்வளவுதான். இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு முதல் நாளே கேமராக்களின் மேல் சின்னதாக ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிடுகிறேன். பொட்டு காகிதத்தின்மேல் விழும். பூஜையும் குறைவில்லாமல் நடக்கும்.

மூன்றாவது, திரையில் வந்த செய்தி. நம்மவர்களுக்கு ஒரு பழக்கம்: பிழைச்செய்தி பெட்டி வந்தவுடன் ஓகே என்பதை அழுத்தி மூடிவிடுவார்கள், பிறகுதான் நம்மைக் கூப்பிடுவார்கள். "அடுத்த முறை மூடும் முன்னால் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்" என்று சொல்லிவையுங்கள். ஆங்கிலமாக இருந்தாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். பிரிண்டரில் காகிதம் இல்லை என்று அதுவே சொல்லியிருக்கும்.

நான்காவது, ஒரு நோட்டு. 40 பக்க நோட்டு போதும். தேதி, கிழமை, யாருடைய கம்ப்யூட்டர், என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று ஒரு வரி. எங்கள் அலுவலகத்தில் வெகுநாளாக ஒரு பேச்சு இருந்தது: வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர்களுக்கு ஏதோ ஆகிவிடுகிறது என்று. கணக்கர் ஐயா எலுமிச்சம்பழம் கட்டலாம் என்றுகூடச் சொன்னார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். எண் விசைகள் வேலை செய்யாதது, எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாக வந்தது, பேக்கிங் அண்ணனின் படம் கவிழ்ந்தது, எல்லாமே வெள்ளி. எல்லாமே 9 மணிக்கும் 9.30-க்கும் இடையில்.

அடுத்த வெள்ளி 8 மணிக்கே போய் உட்கார்ந்தேன். கூட்டிப் பெருக்கும் அக்கா வந்தார். வெள்ளிக்கிழமை பூஜைக்காக மற்ற நாளைவிட நன்றாகச் சுத்தம் செய்வார். கையில் ஒரு பிடி பனியன் வேஸ்ட். எங்கள் ஊரில் துடைப்பதற்குத் துணி வாங்குகிறவர்கள் யாரும் இல்லை, கட்டிங் மேசையில் விழுகிற துண்டுத் துணியே போதும். ஒவ்வொரு விசைப்பலகையையும் இடமிருந்து வலமாக அழுத்தி, ஒரு தூசி விடாமல் துடைத்தார். காலையில் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று பாதிப் பேர் கம்ப்யூட்டரை அணைக்காமலே வீட்டுக்குப் போயிருந்தார்கள். துணி போன வழியெல்லாம் விசைகள் அழுந்தின. வலது ஓரத்தில் கன்ட்ரோலும் அம்புக்குறிகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆல்ட்டும் வெகுதூரம் இல்லை. மூன்றும் ஒரே பிடியில் அகப்பட்டால் படம் கவிழத்தான் செய்யும்.

அக்காவிடம் சொன்னேன். "அடக் கண்ணு, முதலிலேயே சொல்லியிருந்தால் வயரைக் கழற்றிவிட்டுத் துடைத்திருப்பேனே" என்றார். அன்றிலிருந்து மாலையில் எல்லோரும் அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கமாயிற்று. அணைக்க மறந்தவர்களின் விசைப்பலகையை அக்காவே கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் செருகுகிறார். வெள்ளிக்கிழமைகள் அமைதியாகிவிட்டன.

துணியால் மட்டுமல்ல, டிபன் போசியை விசைப்பலகையின்மேல் வைத்தாலும் இதே கதைதான். ஆகவே எந்த விசை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வலது பக்க எண்கள் வேலை செய்யாமல், 8 அடித்தால் மேலே போனால், அது நம் லாக் (Num Lock) என்கிற விசை. ஒருமுறை தட்டினால் எண்கள் திரும்பிவிடும். கணக்குப் பிரிவில் இதுதான் அடிக்கடி வரும். சில சின்ன லேப்டாப்களில் இதுவே எதிர்ப்பக்கமாக நடக்கும்: நம் லாக் விழுந்துவிட்டால் யு, ஐ, ஓ எழுத்துகள் 4, 5, 6 ஆகிவிடும். கடவுச்சொல் சரியாகத்தான் அடிப்பார், உள்ளே விடாது. கடவுச்சொல் கட்டத்தில் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் கண்டுபிடிக்கவும் முடியாது. பெயர் அடிக்கிற கட்டத்தில் ஒருமுறை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், எழுத்து பெரிதா, எண்ணா என்று தெரிந்துவிடும். பார்த்ததும் அழித்துவிட வேண்டும். எக்ஸெல்லில் அம்புக்குறியை அழுத்தினால் கட்டம் நகராமல் தாள் முழுவதும் நகர்ந்தால் அது ஸ்க்ரோல் லாக். கவிழ்ந்த படத்துக்கு நான் சொன்ன மூன்று விசை பழைய இன்டெல் திரை மென்பொருள் இருக்கிற கம்ப்யூட்டர்களில்தான் வேலை செய்யும். மற்றதில் வெற்றுத் திரையில் வலது பொத்தானை அழுத்தி, டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், ஓரியன்டேஷன் என்ற இடத்தில் லேண்ட்ஸ்கேப் என்று மாற்ற வேண்டும். மவுஸ் எதிர்ப்பக்கம் ஓடும், நிதானமாக நகர்த்தச் சொல்லுங்கள்.

விளக்கும்போது அவரவர் தொழிலின் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இது எனக்கு மிகவும் பயன்பட்ட வழி. கோப்பு, கோப்புறை என்று பேக்கிங் ஆட்களிடம் சொன்னால் தலையாட்டுவார்கள், மனதில் ஒட்டாது. "கோப்பு என்பது பாலிபேக், கோப்புறை என்பது அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் பெட்டியும் வைக்கலாம். எந்தப் பெட்டியில் போட்டோம் என்று மேலே எழுதியிருக்கும்" என்றால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள். சேம்பிள் மாஸ்டருக்கு சேவ், சேவ் ஆஸ் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல அவர் துணி வெட்ட வைத்துக்கொள்ளும் அளவு அட்டையான பேட்டர்னைத்தான் நான் எடுத்தேன். மூலப் பேட்டர்னிலேயே கத்தரி வைத்தால் சேவ், வேறு அட்டையில் வரைந்துகொண்டு அதை வெட்டினால் சேவ் ஆஸ். "மூலத்தில் யாராவது கத்தரி வைப்பார்களா?" என்று பதறினார். இனி அவர் மறக்க மாட்டார்.

ஷார்ட்கட்டை விளக்கியே ஆக வேண்டும். எங்கள் கணக்குப் பிரிவுத் தங்கை, ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டிய கணக்கைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கோவைக்கு பஸ் ஏறினாள். 50 கிலோமீட்டர். அங்கே செருகிப் பார்த்தால் பெயர் இருக்கிறது, திறக்கவில்லை. மேசைத்திரையில் இருந்த ஷார்ட்கட்டைத்தான் எடுத்துப் போயிருந்தாள். ஷார்ட்கட் என்பது பெட்டியின்மேல் ஒட்டுகிற லேபிள். லேபிளை உரித்து எடுத்துக்கொண்டு போனால் சரக்கு எப்படிக் கூடவே வரும்? படத்தின் ஓரத்தில் வளைந்த சின்ன அம்புக்குறி இருந்தால் அது லேபிள். எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் அளவைப் பாருங்கள்: ஓர் ஆண்டுக் கணக்கு 2 கேபி என்று காட்டினால் கையில் இருப்பது சரக்கு அல்ல. முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை செருகித் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிரிண்டருக்கு வருவோம். அச்சு வரவில்லை என்றால் மறுபடியும் பிரிண்ட் கொடுக்காதீர்கள் என்பதை ஒட்டியே வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை கொடுப்பதும் வரிசையில் போய் நிற்கும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் 6 பக்க இன்வாய்ஸை 9 முறை கொடுத்தார், வரவில்லை. கம்ப்யூட்டரில் தேர்வாகியிருந்தது அவர் பக்கத்தில் இருந்த பிரிண்டர் அல்ல, மாடியில் சேம்பிள் அறையில் இருந்தது. அங்கே 54 தாள் கொட்டியது. மாடியில் இருந்தவர்கள், யாரோ தங்களுக்காக அனுப்பிய வேண்டாத தாள் என்று எடுத்து, பின்பக்கத்தில் காலர் பேட்டர்ன் வரைந்து வெட்டத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் மேலே போனபோது பையரின் பெயரும் தொகையுமாகக் காலர்கள் வரிசையாகக் கிடந்தன. பிரிண்ட் கொடுக்கும் பெட்டியின் முதல் வரியில் எந்தப் பிரிண்டர் என்று இருக்கும். அதை வாய்விட்டுப் படித்த பிறகு ஓகே கொடுக்கச் சொல்லுங்கள். பிரிண்டர் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், வரிசையைத் திறந்து நிற்பதையெல்லாம் நீக்கிவிட்டு ஒன்றே ஒன்று கொடுங்கள். நீக்கவும் முடியாமல் அடைத்துக்கொண்டால் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் அணைத்துப் போட்டால் பெரும்பாலும் தீரும்.

இனி எக்ஸெல். இங்கே மட்டும் சிரிப்பை ஓரம் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

கட்டம் முழுக்க வேலிபோல ஹாஷ் (#) குறிகளாக நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. பத்தி குறுகலாக இருக்கிறது, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் எண் தெரியும். இ-வே பில் எண் 12 இலக்கம். அதை அடித்தவுடன் எக்ஸெல் 1.23 என்று தொடங்கி நடுவில் ஓர் எழுத்தைப் போட்டுச் சுருக்கிக் காட்டும். அதிலும் எண் அழிந்துபோகவில்லை, காட்டுகிற விதம்தான் அப்படி. ஆனால் 16 இலக்கம் வந்தால் கதை வேறு. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைக்கும். பதினாறாவது இலக்கத்தை 0 ஆக்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது, ஒரு சத்தமும் இருக்காது.

சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். ஒரு மாதம் சம்பளப் பட்டியலைப் புதிய தாளில் அடித்தார்கள். 16 இலக்க எண் வைத்திருந்தவர்கள் 11 பேர். 10 பேருக்குப் பணம் திரும்பி வந்துவிட்டது. செக்கிங் பிரிவில் இருக்கும் ஓர் அம்மா மூன்று நாள் தொடர்ந்து வந்து, "என் பணம் மட்டும் ஏனுங்க வரவில்லை? நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா?" என்று கேட்டார். பேத்திக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம் அது. வங்கியில் கேட்டால் எண் தவறு என்கிறார்கள். தட்டச்சு செய்தவரோ பாஸ்புத்தகத்தைப் பார்த்துத்தான் அடித்தேன் என்று சத்தியம் செய்கிறார். அவர் சொன்னதும் உண்மை. பட்டியலையும் 11 பாஸ்புத்தகங்களையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன். பணம் போய்ச் சேர்ந்திருந்த அந்த ஒருவருடைய கணக்கு எண் மட்டும் உண்மையிலேயே 0-வில் முடிந்தது. பட்டியலில் 11 எண்ணும் 0-வில் முடிந்திருந்தன. அதைப் பார்த்தவுடன்தான் விளங்கியது.

செய்ய வேண்டியது இது. எண்ணை அடிப்பதற்கு முன்னால் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, வலது பொத்தானை அழுத்தி, பார்மட் செல்ஸ் போய், டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். அல்லது ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை அடியுங்கள், அது தாளில் தெரியாது. அடித்த பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றுவதில் பயனில்லை. போன இலக்கம் திரும்ப வராது, மறுபடியும் பாஸ்புத்தகத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். முன்னால் 0 வருகிற எண்களில் அந்த 0 காணாமல் போவதற்கும் இதுவே மருந்து. கூட்டிக் கழிக்கப் போகாத எண் எதுவானாலும், கணக்கு எண்ணோ, கைபேசி எண்ணோ, அதை எழுத்தாகவே வையுங்கள். இன்னொன்று: வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 இடம் கொண்டது, அதில் ஐந்தாவது இடம் எப்போதும் சுழியம்தான். பாதிப் பேர் அங்கே ஆங்கில ஓ எழுத்தை அடிப்பார்கள். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, சம்பள நாளில்தான் தெரியும்.

தேதியையும் கவனியுங்கள். நமக்கு 4/5 என்றால் மே 4. அமெரிக்க பையருக்கு அதுவே ஏப்ரல் 5. கப்பல் தேதி ஒரு மாதம் தள்ளிப்போனால் யாருக்கு நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாதத்தை எழுத்தில் போடும் பழக்கத்தை எல்லோருக்கும் ஏற்படுத்திவிடுங்கள்.

தமிழில் எழுதிய கடிதம் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது என்று அடிக்கடி வருவார்கள். வைரஸ் இல்லை. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அடியில் இருக்கிற ஆங்கில எழுத்துதான் தெரியும். அதே எழுத்துருவைப் போட்டால் தமிழ் திரும்பிவிடும். நிரந்தர வழி, தமிழ் எழுத்துக்கென்றே தனி இடம் வைத்திருக்கும் யூனிகோடு. 2010-இல் நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்ததே, அந்த ஆண்டே தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இத்தனை ஆண்டு கழித்தும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைகளில் பழைய எழுத்துருதான் ஓடுகிறது. அவர்களிடமிருந்து பிடிஎஃப் ஆக வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள், இப்போதைய விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது.

நாம் கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. கருகிய வாடை வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டிஜிட்டல் கையெழுத்துக்காகக் கம்ப்யூட்டரில் செருகுகிற டோக்கனின் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து அடித்துப் பார்க்காதீர்கள், பல முறை தவறினால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். "உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு, நாங்கள் சொல்கிற செயலியைப் போடுங்கள்" என்று முன்பின் தெரியாதவர் போன் செய்தால் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட வேண்டும். அந்தச் செயலி வழியாக நம் திரையை அவர் பார்ப்பார், மவுஸையும் அவரே நகர்த்துவார். பையரோ, நூல் கொடுக்கிறவரோ, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் அனுப்பினால், நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற எண்ணில் கூப்பிட்டு அவர் குரலைக் கேட்ட பிறகுதான் பணம். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்த வழியுண்டு. இந்த எண்ணை ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒட்டிவைத்திருக்கிறேன். பக்கத்தில், யாரையும் திட்ட மாட்டோம் என்றும் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டாவது வரி இல்லாவிட்டால் முதல் வரியை யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

கடைசியாக உங்கள் வேலை. எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் மேசையில் காகிதம் குவிந்துவிடும். நான் இப்படிப் பிரித்துக்கொண்டேன்: தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய லாரி வாசலில் நிற்க, இ-வே பில் வரவில்லை என்றால் உடனே எழுந்து போவேன். சம்பள நாளில் கணக்குப் பிரிவு கூப்பிட்டாலும் அப்படித்தான். மற்றதெல்லாம் 4 மணி டீக்குப் பிறகு. எல்லோருக்கும் தெரியும், அதற்குள் தாங்களே இரண்டு வழி பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். டீ டம்ளரை மட்டும் விசைப்பலகைக்கு எட்டாத தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். அப்படியும் கொட்டிவிட்டால் துடைக்க ஓடாதீர்கள். முதலில் விசைப்பலகையின் வயரைப் பிடுங்குங்கள், லேப்டாப் என்றால் உடனே அணையுங்கள். பிறகு கவிழ்த்துப் பிடியுங்கள். பனியன் வேஸ்ட்டை எடுப்பது அதற்கும் பிறகுதான்.